கறுப்புத் தாளில் ஒளிரும் மரங்கள்

ஒரு குழந்தையின் கையில் வெள்ளைத் தாளையும் வண்ணப் பென்சில்களையும் கொடுத்து, "உனக்குப் பிடித்த காட்சியை வரை" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு முக்கோண மலைகள் வரும். அவற்றின் நடுவே பாதிச் சூரியன். மலையடியிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. மண்டபத்திற்கு அருகில் ஒரு கடற்கரைக் கிராமத்துப் பள்ளிக்கு அறிவியல் கண்காட்சிக்காகப் போயிருந்தபோது, சுவரில் ஒட்டியிருந்த படங்கள் எல்லாவற்றிலும் இதையே கண்டேன்.

இராமநாதபுரத்துக் கடற்கரையில் மலை ஏது? இராமேசுவரத் தீவில் கந்தமாதன பருவதம் என்று பெருமையாக அழைக்கப்படுவதே ஒரு மணல்மேடுதான். இங்குள்ள குழந்தைகள் காணும் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. அவர்களுடைய தந்தையரில் பலர் இருட்டில் படகேறிப் போகிறவர்கள். அந்த இரவுக் கடல் ஒரு படத்தில்கூட இல்லை.

"ஏன் இராத்திரியை யாரும் வரையவில்லை?" என்று கேட்டேன். ஒரு சிறுமி சற்றும் தயங்காமல் பதில் சொன்னாள்: "வெள்ளைத் தாள்ல எப்படி சார் ராத்திரியைப் போடுறது? கறுப்பு கிரயான் தீர்ந்துபோயிடும்."

சிரித்துவிட்டு நகரக்கூடிய பதில் அன்று. இரவைப் படமாக்க வேண்டுமானால் தாளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதை அவள் கண்டுகொண்டிருந்தாள். அதே இடத்திலிருந்து தொடங்கி உலகப் பரிசு பெற்ற ஒரு படநூலைப் பற்றியும், அதன் பின்னாலுள்ள இயற்பியலைப் பற்றியும்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அந்த நூலின் பெயர் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்'. மரங்களின் இரவு வாழ்க்கை என்று பொருள். சென்னையிலுள்ள தாரா புக்ஸ் நிறுவனம் 2006-இல் வெளியிட்டது. படங்களை வரைந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கோண்டு பழங்குடி ஓவியர்கள் மூவர்: பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி. இத்தாலியிலுள்ள போலோஞா நகரில் 1964 முதல் குழந்தை நூல்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்து வருகிறது. அங்கு வழங்கப்படும் 'ராகாட்சி' பரிசின் 'புதிய எல்லைகள்' பிரிவில் 2008-ஆம் ஆண்டுக்குரிய பரிசை இந்நூல் பெற்றது.

நூலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இருட்டு. தாள் முழுக் கறுப்பு. அதன்மேல் மஞ்சளும் பச்சையும் செம்மையுமாக மரங்கள் எழுந்து நிற்கின்றன. பறவையும் பாம்பும் விலங்குகளும் கிளைகளோடு கலந்து, எது மரம் எது உயிர் என்று பிரிக்க முடியாதபடி இருக்கின்றன. பகலில் மரங்கள் நிழலும் கனியும் கொடுத்து உழைக்கின்றன, அவற்றின் ஆவி வெளிப்பட்டு ஒளிர்வது இரவில்தான் என்பது கோண்டு மக்களின் நம்பிக்கை. ஆகவே கறுப்புத் தாள் இங்கே அலங்காரத்திற்காக வந்ததன்று. கதையே அதைக் கேட்டது.

கேட்டது கிடைப்பது எளிதா என்பதுதான் அடுத்த கேள்வி. உங்கள் வீட்டிலுள்ள நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது சிவகாசியில் அச்சானதாக இருக்கலாம். (1985 வரை சிவகாசியும் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.) அந்த அச்சில் பயன்படும் மைகள் நான்கு: நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. முதல் மூன்றும் ஒளி ஊடுருவும் மைகள். வண்ணக் கண்ணாடிக் காகிதம் போன்றவை. வெளிச்சம் மையின் வழியாக உள்ளே சென்று, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி, மறுபடியும் மையின் வழியாக வெளியே வந்து உங்கள் கண்ணை அடைகிறது. நிறத்தை வடிகட்டுவது மை. ஒளியைத் திருப்பி அனுப்புவது தாள்.

அந்த மையையே கறுப்புத் தாளில் அச்சிட்டால் என்ன ஆகும்? உள்ளே சென்ற ஒளியைத் தாள் விழுங்கிவிடும். திரும்பி வர ஒன்றும் இல்லை. மஞ்சள் மையும் கறுப்பாகத் தெரியும். எனவே, தாளின் உதவியின்றித் தானே ஒளியைத் திருப்பி அனுப்பவல்ல மை வேண்டும். அப்படிப்பட்ட மையின் இரகசியத்தை அறிய அச்சகத்திற்குப் போக வேண்டியதில்லை. தனுஷ்கோடிக் கடற்கரைக்குப் போனால் போதும்.

ஈர மணலும் வடைத் தாளும்

அலை வந்து நனைத்த மணல் கருத்துத் தெரிகிறது. பத்தடி தள்ளிக் கிடக்கும் உலர்ந்த மணல் கண்ணைக் கூசுகிறது. இரண்டும் ஒரே மணல். தண்ணீருக்கோ நிறம் இல்லை. பின் ஏன் இந்த வேறுபாடு?

மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.54. காற்றுக்கு 1. ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் எல்லையில் அதன் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. இரண்டு எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, வந்த விடையை வர்க்கப்படுத்தினால், நேராக விழும் ஒளியில் எவ்வளவு பங்கு திரும்புகிறது என்று தெரியும். காற்றுக்கும் மணலுக்கும் கணக்கிட்டால் 4.5 சதவீதம் வருகிறது. சிறிய எண்தான். ஆனால் ஒரு கைப்பிடி மணலில் எத்தனை பரல்கள், எத்தனை எல்லைகள்! ஒவ்வொன்றிலும் சிறிது திரும்பி, மீதி வளைந்து, இப்படிச் சிதறிச் சிதறி ஒளியின் பெரும்பகுதி மேலே வந்துவிடுகிறது.

இப்போது அந்த இடைவெளிகளில் தண்ணீர் நிறையட்டும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதே கணக்கைப் போட்டால் திரும்பும் பங்கு அரைச் சதவீதம்தான். எட்டில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. ஒளி அதிகம் சிதறாமல் ஆழத்திற்குப் போய் அங்கேயே உட்கவரப்படுகிறது. மணல் கருக்கிறது. வடை மடித்த தாளில் எண்ணெய் படிந்த இடம் கண்ணாடி போல் ஆவதும் இதனால்தான். தாளின் நார்களுக்கு இடையிலிருந்த காற்றை எண்ணெய் வெளியேற்றிவிட்டது.

ஆசிரியர் வேலையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தவுடன் சுத்தமாகிவிட்டது போல் இருக்கும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால், துடைக்கப்படாத சுண்ணத்தூள் வெள்ளை வெள்ளையாகத் தலைகாட்டும். ஈரம் இருந்தவரை அது மறைந்திருந்தது. காற்று மீண்டும் புகுந்ததும் வெளுத்தது. சிலேட்டில் ஒரு கோடு போட்டு ஒரு பக்கம் தண்ணீரையும் மறுபக்கம் தேங்காயெண்ணெயையும் தடவிப் பாருங்கள். தண்ணீர்ப் பக்கம் உலர்ந்ததும் கோடு திரும்பி வரும். எண்ணெய்ப் பக்கம் வராது.

மை என்பது என்ன? ஒரு பிசின் அல்லது எண்ணெய். அதில் கலந்த நுண்ணிய நிறமித் தூள். பிசினின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5. சுண்ணத்தூளுக்கு 1.6. இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. திரும்பும் பங்கு ஆயிரத்தில் ஒன்று. ஆகையால் வெறும் சுண்ணத்தூளைக் கொண்டு கறுப்பை மறைக்கும் மை செய்ய இயலாது. துத்தநாக ஆக்சைடுக்கு ஒளிவிலகல் எண் 2; திரும்பும் பங்கு 2 சதவீதம் ஆகிறது. டைட்டானியம் டை ஆக்சைடின் ரூட்டைல் வகைக்கோ ஏறத்தாழ 2.7, வைரத்திற்குக்கூட 2.42 தான். திரும்பும் பங்கு 8 சதவீதம், சுண்ணத்தூளைப்போல் எண்பது மடங்கு. வெள்ளையை நேரடியாகப் பூச வேண்டுமானாலும், மஞ்சளுக்கும் பச்சைக்கும் அடியில் மறைப்புச் சக்தி வேண்டுமானாலும் இன்று உலகெங்கும் கைகொடுப்பது இந்தத் தூள்தான்.

இதன் மூலப்பொருள் நமக்கு அந்நியமானதன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கேரளத்துச் சவறா கடற்கரையிலும் கிடைக்கும் கருமணலில் உள்ள இல்மனைட்டு என்னும் தாதுவில் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்திருக்கின்றன. இரும்பை நீக்கினால் மிக வெண்மையான நிறமி கிடைக்கிறது. கறுப்பைத் தோற்கடிக்கும் வெள்ளை கறுப்பு மணலுக்குள்ளேயே இருக்கிறது. (அந்த மணலை அள்ளுவதால் கடற்கரை மக்கள் படும் துன்பம் வேறொரு கட்டுரைக்கு உரியது.)

மஞ்சள் பையின் உறவினர்

நல்ல நிறமி மட்டும் போதாது. அது தடிப்பாகவும் படிய வேண்டும். நாட்காட்டி அச்சாகும் ஆஃப்செட் முறையில் தாளில் படியும் மையின் கனம் 1 அல்லது 2 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய படலத்தில் நிறமித் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்க இடமில்லை. ஒளி நழுவிப் போய்விடும்.

இங்கேதான் 'ஸ்கிரீன் பிரிண்டிங்' எனப்படும் திரை அச்சு உதவிக்கு வருகிறது. பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் உங்களுக்குப் பழக்கமானது. ஜவுளிக் கடையில் கொடுக்கும் மஞ்சள் பையில் கடையின் பெயர் பதிவது இம்முறையில்தான். திருமண அழைப்பிதழ்களும் அப்படியே. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி. முற்காலத்தில் பட்டு, இப்போது பாலியெஸ்டர். அதன்மேல் ஒளியால் கெட்டியாகும் ஒரு பசையைப் பூசி உலர்த்துவார்கள். படம் வரைந்த ஒளிபுகும் தாளை மேலே வைத்து வெளிச்சம் காட்டினால், படத்தின் கோடுகள் மறைத்த இடம் தவிர மற்ற இடமெல்லாம் பசை இறுகும். தண்ணீரில் கழுவினால் இறுகாத பகுதி கரைந்துவிடும். வலையில் படத்தின் வடிவில் மட்டும் கண்கள் திறந்திருக்கும். சட்டத்தைத் தாள்மேல் வைத்து, மையை ஊற்றி, ரப்பர் விளிம்புள்ள ஒரு கட்டையால் இழுத்தால் மை அந்தக் கண்களின் வழியே இறங்குகிறது. படியும் கனம் 10 முதல் 30 மைக்ரான் வரை, சில சமயம் அதற்கும் மேல். விரலால் தடவினால் கோடு கைக்குத் தட்டுப்படும்.

விலையும் இங்கேதான் ஏறுகிறது. ஒரு நிறத்துக்கு ஒரு திரை. முதல் நிறம் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரு நூலில் 20 படங்கள், ஒவ்வொன்றுக்கும் 2 நிறங்கள், 1,000 படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டையை 40,000 தடவை கையால் இழுக்க வேண்டும். இரண்டாம் நிறம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் தாள் வீண். 'மரங்களின் இரவு வாழ்க்கை' இப்படித்தான் சென்னையில் கைவினைஞர்களால் கையால் செய்யப்பட்ட கறுப்புத் தாளில் அச்சிடப்பட்டு, கையாலேயே தைத்துக் கட்டப்படுகிறது. ஒவ்வொரு படிக்கும் கையால் எண் இடுகிறார்கள். மஞ்சள் பைக்கு உரியது என்று நாம் மதிக்காமல் விட்ட தொழில்நுட்பம் போலோஞாவில் பரிசு மேடை ஏறியது. இதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு என்பதை மறைக்கவில்லை.

கறுப்பின்மேல் நிறம் ஒளிர்வதற்கு இன்னொரு காரணம் மையில் இல்லை. நம் கண்ணில் இருக்கிறது. ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றைக் கறுப்பின்மேலும் மற்றதை வெள்ளையின்மேலும் வையுங்கள். கறுப்பின் மேலுள்ளது வெளிர்ந்து தெரியும். கண் ஒளியைத் தனித்து அளப்பதில்லை. சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டே அளக்கிறது. பாக் நீரிணையில் இரண்டு மைல் தொலைவில் நிற்கும் ஒரு படகின் விளக்கு இரவில் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது! பகலில் அதே விளக்கை ஏற்றி வைத்தாலும் யார் கவனிக்கப் போகிறார்கள்?

இரவுக் காவலரின் தூரிகை

பரிசு பெற்றவர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கோண்டு மக்களின் வீடுகளில் மண்சுவரிலும் தரையிலும் கோலம்போல் வடிவங்கள் இடும் வழக்கம் உண்டு. பட்டன்கட் என்ற சிற்றூரில் ஜங்கட் சிங் ஷியாம் என்ற இளைஞர் சுவரில் வரைந்திருந்ததைப் போபால் பாரத் பவனைச் சேர்ந்தவர்கள் 1980-களின் தொடக்கத்தில் கண்டார்கள். அதன் தலைவராக இருந்தவர் ஓவியர் ஜே. சுவாமிநாதன். ஜங்கட் போபாலுக்கு வந்து தாளிலும் துணியிலும் வரையத் தொடங்கினார். நுண்ணிய புள்ளிகளாலும் கோடுகளாலும் உருவத்தை நிரப்பும் அவருடைய முறையே பிறகு ஒரு மரபாக வளர்ந்தது. 2001-இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது அவர் இறந்தார்.

அவருடைய உறவினர்தான் பஜ்ஜு ஷியாம். போபாலுக்குப் பிழைப்புத் தேடி வந்து, இரவுக் காவலராகவும் மின்வேலை செய்பவராகவும் இருந்து, பின்னர் ஜங்கட்டிடம் தூரிகை பிடித்தவர். இலண்டனுக்குச் சென்று வந்த அனுபவத்தை அவர் 2004-இல் ஒரு படநூலாக்கினார். அதில் இலண்டனின் பெரிய மணிக்கூண்டு நேரம் சொல்லும் சேவலாகிவிடுகிறது. பூமிக்கடியில் ஓடும் ரயில் மண்புழு ஆகிறது. இலண்டனைத் தம் ஊர்க் கண்ணால் பார்த்தார். நம் பிள்ளைகளோ தம் ஊரை யாருடைய கண்ணாலோ பார்த்து மலை வரைகிறார்கள். பஜ்ஜு ஷியாமுக்கு 2018-இலும் துர்கா பாய்க்கு 2022-இலும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்வோவியர்கள் உருவத்தை நிரப்பும் கோடுகளில் ஓர் இயற்பியல் நுட்பம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நிரப்பு. அதைப் பார்த்தே யார் வரைந்தது என்று சொல்லிவிடலாமாம். கோடுகளுக்கு இடையில் தாளின் கறுப்பு தெரியும்படி விடுகிறார்கள். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு நிமிடம். அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒன்று. 30 செ.மீ. தூரத்தில் இது 0.09 மி.மீ. இடைவெளிக்குச் சமம். ஆகவே புத்தகத்தை மடியில் வைத்தால் ஒவ்வொரு கோடும் தனித்துத் தெரிகிறது. 3 மீட்டர் தள்ளி நின்றால் 0.9 மி.மீ.-க்கும் நெருக்கமான கோடுகள் கறுப்போடு கலந்து மென்மையான ஒரே சாயலாகிவிடுகின்றன. நூல் ஒன்றுதான், தூரத்தில் ஒரு மரம், அருகில் வேறொரு மரம். கைப்பேசியில் எடுத்த படத்தில் இந்த அனுபவம் கிட்டாது. திரை தானே ஒளி வீசுவதால் பளபளப்பு இருக்கும். கோட்டின் கனமும் தாளின் கறுப்பும் இராது.

நூலின் அட்டையில் ஓவியர்கள் மூவரின் பெயர்களும் நூலாசிரியர்களாகவே இருக்கின்றன. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. நாம் படித்த எத்தனை பாடநூல்களில், எத்தனை கதைப் புத்தகங்களில் படம் வரைந்தவரின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறோம்? அறிவியல் பாடத்தில் தவளையின் இதயத்தை நான் புரிந்துகொண்டது வாக்கியங்களால் அன்று, படத்தால். அதை வரைந்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சுவரில் விரிந்த நூல்

"படநூல் என்பதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களை இராமநாதபுரம் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசத்துக்கு அழைத்துப் போவது என் வழக்கம். இன்று அது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில் (1710–1725) தீட்டப்பட்டவை எனக் கருதப்படும் ஓவியங்கள் அதன் சுவர்களிலும் விதானத்திலும் நிறைந்துள்ளன. மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியர் சேதுபதியைக் காணும் காட்சி, இராமாயணம் என்று பட்டை பட்டையாகக் கதை ஓடுகிறது. நூலில் பக்கம் நகர்கிறது. இங்கே பார்ப்பவர் நகர வேண்டும். அவ்வளவுதான் வேறுபாடு.

ஒளியின் கணக்கில் மட்டும் இவை நம் கறுப்புத் தாளுக்கு நேர் எதிர். சுவரில் முதலில் வெண்மையான சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வண்ணம். அங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் வேலையில் சுவருக்கும் பங்கு உண்டு.

சுண்ணாம்பு என்றதும் அந்தப் பள்ளிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. இரண்டாம் முறை போனபோது கறுப்பு அட்டைத் தாள்களைக் கட்டாக வாங்கிக்கொண்டு போனேன். வெள்ளை போஸ்டர் வண்ணம் இரண்டு புட்டிகள்தான் இருந்தன. பிள்ளைகள் முப்பது பேர். அரை மணியில் தீர்ந்துபோயிற்று. பள்ளியில் வெள்ளையடிக்க நீற்றி வைத்திருந்த சுண்ணாம்பு ஒரு வாளி இருந்தது. அதைத் தெளியவைத்துக் கொட்டாங்குச்சிகளில் ஊற்றிக் கொடுத்தோம். (சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கையில் படாமல் நீண்ட காம்புள்ள தூரிகையால், பெரியவர் ஒருவர் அருகிலிருக்கத்தான் செய்ய வேண்டும்.)

கறுப்பு கிரயான் தீர்ந்துவிடும் என்று சொன்ன சிறுமி சிறிது நேரம் வரைந்துவிட்டுத் தாளைத் தூக்கி எறிந்தாள். "ஒண்ணுமே தெரியலை சார்." தாளில் ஈரத்தடம் மட்டுமே இருந்தது. காயட்டும், அதுவரை பொறு என்று வெயிலில் வைக்கச் சொன்னேன். சுண்ணாம்புத் துகள்களுக்கு இடையே தண்ணீர் இருக்கும் வரை அவை ஒளியைத் திருப்பி அனுப்ப மாட்டா. தண்ணீர் போய்க் காற்று புகுந்ததும் வெளுக்கும். தனுஷ்கோடி மணலின் கணக்குத்தான். பத்து நிமிடத்தில் படகின் விளிம்பு வந்தது. பிறகு வலை. வலைக்கு அடியில் சிதறிக் கிடந்த புள்ளிகள் நட்சத்திரங்கள் என்று நான் நினைத்தேன். இல்லையாம். இரவில் துடுப்புப் பட்டால் கடலில் மின்னுமே, அது. அப்பா சொல்லியிருக்கிறாராம். நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரிகளால் அப்படி மின்னும் என்று நான் பாடம் நடத்தத் தொடங்கினேன். அவள் அடுத்த தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதை உங்கள் ஊரில் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வெறும் சுண்ணாம்பு விரல் பட்டால் உதிர்ந்துவிடும். சிறிது கோந்து கலக்க வேண்டும். ஆனால் அளவு மீறக் கூடாது. கோந்தின் ஒளிவிலகல் எண்ணும் 1.5-க்கு அருகில்தான்; இடைவெளிகளை அது நிறைத்துவிட்டால் காய்ந்த பிறகும் வெள்ளை எழும்பாது. ஒரு கொட்டாங்குச்சிக்கு அரைத் தேக்கரண்டி எங்களுக்குச் சரியாக இருந்தது.